பழைய வண்டிக்குப் புது சஸ்பென்ஷன்: கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன்

கிளாசிக் வண்டியின் தோற்றம் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் ஓடும்போது நேராகப் போக வேண்டும், பிரேக் போட்டால் நிற்க வேண்டும். இதற்காகத்தான் புதிய மாடல் வண்டி ஒன்றின் சஸ்பென்ஷனைக் கழற்றிப் பழைய ஃபிரேமில் ஏற்றுகிறோம். நானும் ஒரு வண்டிக்கு ஏற்றியவன்தான். வேலையைவிட, எதை எப்போது செய்வது என்று தெரிந்துகொள்ளத்தான் அதிகம் அலைந்தேன். ஒருவர் வெல்டிங்கைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் வீல் ஆஃப்செட்டைப் பற்றிச் சொல்வார். எது முதலில், எந்தக் காகிதத்தை எப்போது வாங்கி வைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

வெல்டிங் கற்றுத்தரும் கட்டுரை இல்லை இது. ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் எல்லாம் புழங்கத் தெரிந்தவர், ஆனால் இந்த வேலையை முதல்முறை செய்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: டோனர் வண்டியை, அதாவது சஸ்பென்ஷனைத் தரும் புதிய மாடல் வண்டியை, வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கைக் கலைக்காதீர்கள். சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டகம்), ஆர்ம்கள் (சக்கரத்தைச் சப்ஃபிரேமோடு இணைக்கும் கைகள்), நக்கிள் (சக்கரம் மாட்டும் ஹப்பைத் தாங்கும் பாகம்), ஸ்டீயரிங் ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து, ஒரே தொகுதியாக வர வேண்டும். ஒன்றிலிருந்து ஆர்ம், இன்னொன்றிலிருந்து ரேக் என்று சேர்த்தால், வடிவமைப்பு வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

1. முதலில் காகிதம்

பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். வண்டி ஓடும் நிலைக்கு வந்தபின் ஆய்வுக்குக் கொண்டுபோனால், ஆய்வாளர் பார்க்க விரும்பும் வெல்டிங் எல்லாம் பெயின்டுக்கு அடியில் இருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற நிபுணரின் தனி ஒப்புதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் விஎஸ்பி 14 என்ற தேசிய நெறிமுறை இருக்கிறது. நியூசிலாந்தில் எல்விவி சான்றிதழ். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதையே பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே உங்கள் இடத்தில் இது அனுமதிக்கப்பட்டதா, அனுமதி என்றால் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைப் பதிவு அதிகாரியிடமோ, மாற்றங்களுக்குச் சான்றளிக்கும் பொறியாளரிடமோ கேளுங்கள். வாய்மொழி பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கவுன்டரில் ஒருவர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்பார். ஆய்வு நாளில் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

பொறியாளரிடம் போகும்போது பழைய வண்டியின் பதிவுச் சான்று, டோனராக நினைத்திருக்கும் வண்டியின் மாடலும் ஆண்டும், ஃபிரேமின் சில படங்கள், கையால் வரைந்த ஒரு எளிய படம் இருந்தால் போதும். அவரிடம் இதெல்லாம் கேளுங்கள்: ஃபிரேமை வெட்டலாமா, அல்லது போல்ட் போட்டு மட்டும்தான் மாட்டலாமா? வெல்டிங்கை யார் செய்ய வேண்டும்? எந்தெந்தக் கட்டத்தில் நேரில் வந்து பார்ப்பார்? வெல்டிங்கின் மாதிரித் துண்டு வேண்டுமா? முடிவில் பிரேக் சோதனை உண்டா?

மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. பழைய வண்டிகள் பலவற்றில் சேஸிஸ் நம்பர் முன்பக்க ஃபிரேமின் மேலோ பக்கவாட்டிலோ குத்தப்பட்டிருக்கும். நீங்கள் வெட்டப்போவதும் பெரும்பாலும் அதே இடம்தான். முதல் வேலையாக அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடி, சுத்தம் செய்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். எண் இருக்கும் துண்டை வெட்டி வேறிடத்தில் ஒட்டுவது பல நாடுகளில் குற்றம். எண் வெட்டும் இடத்தில் வருகிறது என்றால் திட்டத்தை மாற்றுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் இப்போதே தெரியப்படுத்துங்கள். சொல்லாத மாற்றம் இருந்தால், விபத்து நேரும் நாளில் பாலிசி செல்லாமல் போகலாம்.

2. உங்கள் வண்டியை அளந்து எழுதுங்கள்

டோனரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. இணையத்தில் "இதற்கு அது பொருந்தும்" என்று சொல்வதை நம்பி சப்ஃபிரேம் வாங்கியவர்களிடம் பின்னால் மட்கார்டை அகலமாக்கும் வேலைதான் மிஞ்சியிருக்கிறது.

சமதளத் தரையில், கடைசியில் போடப்போகும் டயரின் உயரத்தை மனதில் வைத்து, நீங்கள் விரும்பும் உயரத்தில் வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். மட்கார்டின் உள்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறியிடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்களுக்கு இருக்கும் மொத்த இடம்.

ஓர் உதாரணக் கணக்கு. இடைவெளி 1,600 மி.மீ. என்று வையுங்கள். பக்கத்துக்கு 20 மி.மீ. விட்டால், டயரின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் 1,560. டயர் அகலம் 205 என்றால், டயர் மையத்திலிருந்து மையம் 1,355. ரிம் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது; பிளஸ் என்றால் வெளிப்பக்கம்) பிளஸ் 40 என்றால் பக்கத்துக்கு 40 வீதம் கூட்டுங்கள்: ஹப் முகத்திலிருந்து ஹப் முகம் 1,435 மி.மீ. அதே வண்டிக்கு ஆஃப்செட் பிளஸ் 10 ரிம் போட்டால் ஹப் அகலம் 1,375தான் தாங்கும். ஒரே உடலுக்கு ஆஃப்செட்டால் மட்டுமே 60 மி.மீ. வித்தியாசம். புதிய வண்டிகளின் ரிம்கள் பெரும்பாலும் அதிக பிளஸ் ஆஃப்செட் உள்ளவை. ஆழமாக உள்வாங்கிய பழைய ஸ்டைல் ரிம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், டோனர் தேர்வே மாறும். ஆகவே ரிம்மை முதலிலேயே முடிவு செய்யுங்கள், வாங்குவது பிறகு இருக்கட்டும்.

முன்சக்கரம் திரும்பும்போது டயரின் மூலைகள் எங்கே போகின்றன என்பதையும் பாருங்கள். மேலே பக்கத்துக்கு விட்ட 20 மி.மீ. முன்சக்கரத்துக்குப் போதாமல் போகலாம்.

அப்புறம் எடை. நான்கு சக்கரங்களின் கீழும் எடைமேடை வைத்து, மூலைக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜினும் மாறப்போகிறது என்றால் அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்கள் இல்லாமல் ஸ்பிரிங் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

3. டோனரைத் தேர்ந்தெடுத்தல்

அகலம் பொருந்துகிறதா, எடை ஏறக்குறைய ஒன்றா என்று பார்த்துவிட்டு, அடுத்ததாக ரேக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்சக்கர அச்சுக்கு முன்னால் ரேக் இருந்தால், உங்கள் இன்ஜினின் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதோடு அது ஒத்துப்போக வேண்டும். ரேக்கும் சம்ப்பும் ஒரே இடத்துக்குப் போட்டிபோட்டால் சம்ப்பை மாற்றுவதுதான் நல்லது. ரேக்கை நகர்த்தாதீர்கள், காரணம் 7ஆம் படியில்.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள முன் சஸ்பென்ஷன் பெரும்பாலான கிளாசிக் வண்டிகளுக்கு ஒத்துவராது. ஸ்ட்ரட்டின் உச்சி உடலின் கோபுரத்தில் போய் உட்கார வேண்டும். தனி ஃபிரேம் உள்ள பழைய வண்டியில் அந்தக் கோபுரமே இருக்காது. மேலும் கீழும் ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன் வகையைத் தேடுங்கள்.

பலர் பயன்படுத்தும் சில டோனர்கள்:

ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, 2003 முதல் 2011 வரை. முன்பக்கம் முழுவதும் ஒரு அலுமினிய கிராஸ்மெம்பரில் போல்ட்டோடு கழன்று வரும். ரேக் ஸ்டீயரிங், பெரிய டிஸ்க். ஆனால் மிக அகலம். எஃப்-100 போன்ற பெரிய பிக்கப்புகளுக்குச் சரி, சிறிய கார்களுக்கு வேண்டாம்.

மஸ்டாங் 2, 1974 முதல் 1978 வரை. குறுகலானது, அதனால்தான் பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் ஹாட் ராட்காரர்களுக்கு இன்னும் பிடித்திருக்கிறது. அசல் பாகங்களைத் தேட வேண்டாம். அதே வடிவமைப்பைப் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள், பெரிய பிரேக்கோடு. இதன் பெயரில் வரும் கிட்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. கிராஸ்மெம்பர் தகட்டின் தடிமன் என்ன, எந்த வண்டி எடைக்குச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

கார்வெட் சி4, 1984 முதல் 1996 வரை. அலுமினிய ஆர்ம்கள், குறுக்காக ஒரு ஃபைபர்கிளாஸ் லீஃப் ஸ்பிரிங். லேசானது, அழகானது. பின்பக்க டிஃப்ரன்ஷியல் (இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இரண்டு வகை: ஆட்டோமேட்டிக் வண்டிகளில் டானா 36, மேனுவலில் டானா 44. பலமான இன்ஜின் போடுபவர்கள் இரண்டாவதைத் தேடுங்கள்.

ஜாகுவாரின் பின்பக்கத் தனிச் சஸ்பென்ஷன், 1961இல் இ-டைப்போடு வந்த வகை. பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, டிஃப்ரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. வெப்பம் ஆயில் சீலைத் தின்னும், பேட் மாற்றக் கை நுழையாது. தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறிய, லேசான வண்டிகளுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகள். முன்னும் பின்னும் டபுள் விஷ்போன், இரண்டும் தனித்தனி சப்ஃபிரேமில்.

மிகப் புதிய டோனர் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் சில வண்டிகளில் கணினியிலிருந்து சிக்னல் வராவிட்டால் வேலையே செய்யாது. எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கும் அப்படித்தான். தனிக் கன்ட்ரோலர் இல்லாமல் அந்தக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) வெறும் இரும்பு. ஹைட்ராலிக் ரேக்கும் கேபிள் ஹேண்ட்பிரேக்கும் உள்ள கடைசி மாடல் எதுவோ, அதுதான் உங்களுக்கு வசதி.

4. டோனர் முழு வண்டியாக இருக்கும்போதே அளங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஷெல்ஃபில் கிடக்கும் சப்ஃபிரேமை வாங்கினால் இரும்பு கிடைக்கும், தகவல் கிடைக்காது. அது டோனரில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்தது என்பதைக் கழற்றியபின் யாராலும் சொல்ல முடியாது.

கழற்றுமுன் டோனர் சமதளத்தில், நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது எடுக்க வேண்டிய அளவுகள்: சப்ஃபிரேமின் தட்டையான ஓர் இடத்தில் டிஜிட்டல் ரசமட்டத்தை வைத்து முன்-பின் சாய்வு, லோயர் ஆர்மின் உள்முனையும் வெளிமுனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஹப் மையத்திலிருந்து சப்ஃபிரேமின் நான்கு போல்ட் துளைகளுக்கும் உள்ள தூரம், பம்ப் ஸ்டாப்புக்கு (சக்கரம் அளவுக்குமேல் மேலே வராமல் தடுக்கும் கட்டை) எவ்வளவு இடைவெளி. ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருந்தால் அதையும் குறியுங்கள்.

வாங்கும்போது ரேக், அதன் டை ராடுகள் (ரேக்கை நக்கிளோடு இணைக்கும் கம்பிகள்), ஸ்டீயரிங் ஷாஃப்டின் கீழ்ப்பகுதி, இரு நக்கிள்கள், காலிப்பர்கள், பிரேக் ஹோஸ்கள், ஸ்டெபிலைசர் பார், சப்ஃபிரேமின் எல்லா போல்ட்டுகளும் வாஷர்களும் சேர்த்துக் கேளுங்கள். கேஸ் கட்டரால் வெட்டி எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் வெட்டுவார்கள், ஆகவே கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சப்ஃபிரேமின் இரு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி அடிபட்டது; விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ரசீதில் டோனரின் சேஸிஸ் நம்பர், மாடல், ஆண்டு, விற்பவர் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். "பழைய இரும்பு, ஒரு லாட்" என்று எழுதிய ரசீது ஆய்வில் செல்லாது. டோனரின் பதிவு ரத்தான சான்றின் நகலும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்; திருட்டு வண்டியின் பாகம் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

5. செலவும் காலமும்

சப்ஃபிரேம் மலிவாகக் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது போல இருக்கும். அதற்குமேல் ஆகும் செலவு பல மடங்கு. எல்லா புஷ்களும் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உருளைகள்) பால் ஜாயின்டுகளும் வீல் பேரிங்குகளும் புதிது, டிஸ்க், பேட், ஸ்டீயரிங் ஜாயின்டுகள், மாஸ்டர் சிலிண்டர், ஸ்பிரிங்கும் ஷாக்கும், நான்கு ரிம், நான்கு டயர், புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் செய்வது, பொறியாளர் கட்டணம், வெல்டர் கூலி, பதிவு மாற்றக் கட்டணம். இதில் ரிம்மையும் பொறியாளரையும் பட்ஜெட்டில் எல்லோரும் மறக்கிறார்கள். முன்பக்கம் மட்டும் மாற்றினாலும் பின் சக்கரத்தின் போல்ட் வட்டம் (வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) வேறாக இருந்தால் நான்கு ரிம்மும் மாறும், இல்லையென்றால் ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கிரவுன் விக்டோரியாவில் 5 துளை, 114.3 மி.மீ.; கார்வெட்டிலும் ஜாகுவாரிலும் 5 துளை, 120.65. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

காலத்தை விழுங்குவது மூன்று: பொறியாளரின் முதல் ஒப்புதல், ஆர்டர் கொடுத்துச் செய்யும் ரிம், ஒவ்வொரு கட்ட ஆய்வுக்கும் அவர் வரும் நாள். முதலாவது கைக்கு வரும்வரை வண்டியைப் பிரிக்காதீர்கள். பிரித்துப்போட்ட வண்டி இடத்தை அடைக்கும், பாகங்கள் தொலையும், ஆர்வமும் குறையும்.

6. வைத்துப் பாருங்கள், வெல்டு வேண்டாம்

பழைய சஸ்பென்ஷனைக் கழற்றும் முன், பழைய சக்கர மையத்தை ஃபிரேமிலும் தரையிலும் நிரந்தரமாகக் குறியுங்கள். மட்கார்டு வளைவின் நடுவில் டயர் உட்கார வேண்டும், 15 மி.மீ. முன்னே பின்னே போனாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும்.

ஃபிரேமை ஸ்டாண்டுகளில் சமமாக்கி, அசையாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் இல்லாமல், அதன் இடத்தில் நீளத்தை மாற்றக்கூடிய ஒரு கம்பியை வைத்து, லோயர் ஆர்ம் டோனரில் இருந்த கோணத்திலேயே நிற்கும்படி சப்ஃபிரேமைக் கீழே கொண்டுவாருங்கள். வண்டி இன்னும் தாழ வேண்டும் என்றால் சப்ஃபிரேமை ஃபிரேமுக்குள் மேலே ஏற்றுங்கள். ஆர்மை மேலே மடக்கித் தாழ்த்தினால் பயண தூரம் போகும், கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) கெடும்.

சாய்வு விஷயத்தில் கவனம் வேண்டும். நிறைய கஸ்டம் வண்டிகள் முன்பக்கம் தாழ்ந்து நிற்கும்படி கட்டப்படுகின்றன. ஃபிரேம் 2 டிகிரி முன்னால் சாய்ந்து நிற்கப்போகிறது, ஆனால் நீங்கள் சப்ஃபிரேமை ஃபிரேமுக்கு இணையாக வெல்டு செய்துவிட்டீர்கள் என்றால், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) 2 டிகிரி குறைந்துவிடும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. டோனரில் எடுத்த சாய்வை ஃபிரேமோடு ஒப்பிடாதீர்கள், வண்டி நிற்கப்போகும் நிலையில் தரையோடு ஒப்பிடுங்கள்.

இந்த நிலையில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஏற்றி, ரேடியேட்டர், மட்கார்டு, பானட் எல்லாம் மாட்டிப் பாருங்கள். அலுப்பான வேலைதான். சம்ப்புக்கும் ரேக்குக்கும், எக்ஸாஸ்டுக்கும் ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி தெரிய வேறு வழியில்லை. சக்கரத்தை மாட்டி, கடைசி வரை திருப்பி, மேலே பம்ப் ஸ்டாப் வரை தூக்கிப் பாருங்கள். திருப்பியும் தூக்கியும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பள்ளத்தில் வளைவு எடுக்கும்போது அதுதான் நடக்கும்.

7. ஸ்டீயரிங்: கலைக்கக் கூடாத கணக்கு

சக்கரம் மேலும் கீழும் போகும்போது லோயர் ஆர்ம் ஒரு வளைவில் நகர்கிறது. டை ராடும் ஒரு வளைவில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் சக்கரம் நேராகப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டீர். ரேக்கின் உள் மூட்டுகள் எங்கே, எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதுதான் இதை முடிவு செய்கிறது. சில மி.மீ. போதும், கெடுத்துவிடும்.

சம்ப்புக்கு இடம் வேண்டும் என்று ரேக்கைத் தாழ்த்தக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான். கிராஸ்மெம்பரை நடுவில் வெட்டிக் குறுக்கிவிட்டு ரேக்கை அப்படியே விட்டாலும் இதே கதி. அகலம் அதிகமாக இருந்தால் குறுகிய டோனரைத் தேடுங்கள்.

இடது நக்கிளை வலதில் போட்டு, பின்னால் இருந்த ரேக்கை முன்னால் கொண்டுவரும் யோசனை யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்ற அக்கர்மன் கணக்கு தலைகீழாகும். ரேக்கை முன்பின்னாகத் திருப்பினால் அதைவிட மோசம்: ஸ்டீயரிங்கை இடதுக்குத் திருப்ப, சக்கரம் வலதுக்குப் போகும்.

சரிபார்ப்பது எளிது. ஸ்பிரிங் இல்லாமல், ஹப்பில் ஒரு நேரான தட்டைப் போல்ட் செய்யுங்கள். ரேக்கை நடுவில் பூட்டிவிட்டு, ஜாக்கியால் 10 மி.மீ. 10 மி.மீ.யாகத் தூக்கி, தட்டின் முன்முனையும் பின்முனையும் ஒரு நிலையான கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால் நல்லது. அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், பொறியாளர் கேட்பார்.

ஸ்டீயரிங் தண்டிலிருந்து ரேக்குக்கு வரும் வழியில் இரண்டு யூ ஜாயின்டுகளில் (ஷாஃப்ட் கோணத்தில் வளைந்தும் சுழல உதவும் மூட்டுகள்) முடித்தால் நிம்மதி. மூன்றாவது வந்தால் நடுவில் ஷாஃப்டைத் தாங்க ஒரு பேரிங் கட்டாயம், இல்லையென்றால் ஷாஃப்ட் சாட்டை மாதிரி சுழலும். ஜாயின்டுகளின் கவட்டை போன்ற முனைகள் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் இல்லாவிட்டால், திருப்பும்போது கையில் ஓரிடம் லேசாகவும் ஓரிடம் கனமாகவும் தெரியும். ஷாஃப்டை வெல்டு செய்து நீட்டுவதைப் பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. பல்லும் பூட்டு போல்ட்டும் உள்ள இணைப்பானை வாங்குங்கள்.

8. வெட்டும் வெல்டிங்கும்

எல்லாம் பொருந்தியபின், பொறியாளர் பார்த்தபின், இப்போதுதான் கிரைண்டர்.

பழைய ஃபிரேம்கள் நிறைய, ஒரு பக்கம் திறந்த சி வடிவம். பழைய லீஃப் ஸ்பிரிங் தன் சுமையை ஃபிரேமின் நீளத்தில் தூரத்தூரமாகப் பிரித்து இறக்கியது. புதிய சப்ஃபிரேம் மொத்தச் சுமையையும் ஓரிடத்தில் இறக்கும். அந்த இடத்தில் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குங்கள். தகட்டின் முனை செங்குத்தாக முடிந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்; சாய்வாகக் குறைந்து முடியட்டும். பெட்டியின் ஊடாகப் போல்ட் போகும் இடங்களில் உள்ளே குழாய் வைத்து வெல்டு செய்யுங்கள், இல்லையென்றால் இறுக்கும்போது பெட்டி நசுங்கும், பின்னால் போல்ட் தளரும்.

வெட்டும் முன் ஃபிரேமின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளை வெல்டு செய்து பிடித்துவிடுங்கள். வெல்டிங்கை ஒரே மூச்சில் இழுக்காமல், இடது கொஞ்சம், வலது கொஞ்சம், ஆறவிட்டு மீண்டும் என்று போங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மூலைவிட்டங்களை அளங்கள். அலுமினிய சப்ஃபிரேமிலும் நக்கிளிலும் வெல்டிங், சூடுகாட்டுதல், புதுத் துளை எதுவும் வேண்டாம். இரும்பு ஃபிரேமும் அலுமினியமும் தொடும் இடத்தில் அரிப்பு வராமல் பூச்சோ தகட்டுப் பிரிப்பானோ கொடுங்கள்.

ஒவ்வொரு வெல்டையும் பெயின்டுக்கு முன் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வெல்டரின் சான்றிதழ் நகலையும் அன்றே வாங்கிவிடுங்கள். வேலை முடிந்து பணம் கைமாறியபின் அந்தக் காகிதத்துக்கு நடையாக நடக்க வேண்டியிருக்கும்.

9. ஸ்பிரிங், ஷாக்

டோனரின் ஸ்பிரிங் டோனரின் எடைக்கு. உங்கள் வண்டி லேசாக இருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், உடனே யாராவது "இரண்டு சுற்று வெட்டிவிடு" என்பார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். ஏற்கெனவே விறைப்பானதை மேலும் விறைப்பாக்கி, பயண தூரத்தையும் குறைத்ததாக ஆகும்.

கணக்குப் போட்டு வாங்குங்கள். சாதாரண ஓட்டத்துக்கு வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 1.2 முறை ஆடும்படி வைத்தால் சுகமாக இருக்கும். ஒரு மூலையில், சக்கரமும் பிரேக்கும் நீங்கலாக, 350 கிலோ இருந்தால், சக்கரத்தில் மி.மீ.க்குச் சுமார் 20 நியூட்டன் விறைப்பு வேண்டும். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தில் இல்லை, ஆர்மின் நடுவில் இருக்கிறது. ஆர்மின் நீளம் 300 மி.மீ., ஸ்பிரிங் உட்காரும் இடம் உள்மூட்டிலிருந்து 200 மி.மீ. என்றால் விகிதம் 0.67. இதன் வர்க்கம் 0.44. 20ஐ 0.44ஆல் வகுத்தால் 45. ஆகவே வாங்க வேண்டியது மி.மீ.க்குச் சுமார் 45 நியூட்டன் ஸ்பிரிங். வர்க்கம் எடுப்பதை மறந்தால் 30 என்று வரும், வண்டி ஒவ்வொரு மேட்டிலும் அடியில் தட்டும்.

ஷாக் அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஷாக் முழுவதும் மூடுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் தொட வேண்டும்; இல்லையென்றால் ஷாக்தான் பம்ப் ஸ்டாப் வேலையைப் பார்க்கும், அதிக நாள் தாங்காது.

10. பிரேக்

டிரம் பிரேக்குக்கு இருந்த பழைய மாஸ்டர் சிலிண்டரோடு டோனரின் டிஸ்க்கை இணைக்கக் கூடாது. காலிப்பர் பிஸ்டனுக்கு பிரேக் ஆயில் அதிகம் வேண்டும். டோனரின் மாஸ்டர் சிலிண்டர் அளவிலிருந்து தொடங்குங்கள். முன்-பின் இரண்டுக்கும் தனிச் சுற்று உள்ளதாகவே இருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டரின் உள்துளை பெரிதானால் பெடல் குட்டையாகவும் கனமாகவும் ஆகும், சிறிதானால் லேசாகவும் ஆழமாகவும் போகும். மாஸ்டர் சிலிண்டர் வண்டித் தளத்துக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் டிஸ்க் பிரேக் குழாயில், பிரேக் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு தேவை. ஏபிஎஸ் யூனிட்டை விட்டுவிட்டால், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளாதபடி, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு புரொபோர்ஷனிங் வால்வு கட்டாயம்.

11. இறுக்குதல், அலைன்மென்ட்

ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ரப்பர் ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும். உயரம் பொய்யாகத் தெரியும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

டோனரின் போல்ட்டுகளில் சில ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை. கழற்றினால் புதிது போட வேண்டும். டோனரின் சர்வீஸ் புத்தகத்தில் எது என்று இருக்கும். அச்சு நட்டை முழு டார்க்குக்கு இறுக்காமல் வண்டியைத் தள்ளிக்கூட நகர்த்தாதீர்கள், பல ஹப்களில் பேரிங் அதிலேயே கெட்டுவிடும்.

அலைன்மென்ட் கடையில் பழைய வண்டியின் மாடலைச் சொன்னால் பழைய எண்களை எடுப்பார்கள். டோனரின் எண்களை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். பின் அச்சு வண்டியின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அளவுத்தாளை வாங்குங்கள்.

12. ஓட்டிப் பார்த்து, பதிவை முடிப்பது

பொதுச்சாலைக்கு முன், மூடிய இடத்தில் மெதுவாக. பிரேக், முழுத் திருப்பம், கையை லேசாக விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது, இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வேகம். முதல் ஓட்டம் முடிந்ததும் நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சூடாக இருந்தால் பேரிங்கோ காலிப்பரோ சரியில்லை. முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டு, சப்ஃபிரேம் போல்ட், ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் பார்த்து, பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோடு நகர்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

இறுதி ஆய்வுக்கான கோப்பில் இருக்க வேண்டியவை: முதல் எழுத்து ஒப்புதல், டோனர் ரசீது, எல்லா பாகங்களின் பில், வெல்டிங் படங்கள், வெல்டர் சான்று, பம்ப் ஸ்டீர் அளவு, ஸ்பிரிங் கணக்கு, அலைன்மென்ட் தாள், பிரேக் சோதனை முடிவு. பதிவுச் சான்றில் மாற்றம் ஏறிய நாளிலேயே அதன் நகலைக் காப்பீட்டுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள்.

அப்புறம் ஒரு அட்டை. டோனரின் மாடல், ஆண்டு, சேஸிஸ் நம்பர், பேட், பால் ஜாயின்ட், பேரிங், டை ராட் முனை ஆகியவற்றின் பார்ட் நம்பர்கள், இறுக்க வேண்டிய டார்க் அளவுகள் எல்லாவற்றையும் எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள். நடுவழியில் வண்டி நின்றால், கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டுத் தரும் பாகம் ஒன்றும் பொருந்தாது.